பசியெடுக்க மலையேறிய நண்பர்கள்... பிறந்தது மவுன்டன் பைக்!

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை. அமெரிக்காவில் அன்று 'தேங்க்ஸ்கிவிங்' திருநாள். நம் ஊர் பொங்கல், தீபாவளி மாதிரி, எந்த ஊரில் இருந்தாலும் வீட்டுக்கு வந்து குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் நாள். காலையிலிருந்தே சமையலறை பரபரப்பாக இருக்கும்.

கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபேர்ஃபாக்ஸ் என்றொரு சின்ன ஊர். அங்கே மட்டும் அன்று காலையில் ஒரு கூட்டம் சமையலறைக்கு எதிர்த்திசையில் கிளம்பிவிடும். ஹெல்மெட், சேறு படிந்த ஷூ, தடித்த டயர் போட்ட சைக்கிள். போகும் இடம், ஊரை ஒட்டிய பைன் மவுன்டன் மண்பாதைகள். இந்தப் பயணத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அப்பெடைட் செமினார்'. தமிழில் சொன்னால், பசிக் கருத்தரங்கு!

இதில் கருத்தும் கிடையாது, அரங்கும் கிடையாது. மதிய விருந்துக்கு முன்னால் நன்றாகப் பசியெடுக்க வேண்டும், அதற்கு மலையில் சைக்கிள் மிதிக்க வேண்டும். அவ்வளவுதான். 1970களின் நடுவில் நண்பர்கள் சிலர் விளையாட்டாகத் தொடங்கிய இந்த வழக்கம் இன்றும் நிற்கவில்லை. சிலராக இருந்த கூட்டம் பல நூறு பேராக வளர்ந்துவிட்டது.

அந்தச் 'சிலர்' சாதாரண ஆட்கள் இல்லை. இன்று பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கும் மவுன்டன் பைக், அந்த நண்பர் கூட்டத்தின் கையில் உருவானதுதான். பெரிய கம்பெனியோ, ஆராய்ச்சிக்கூடமோ, விளம்பரமோ எதுவும் இல்லை. சனி, ஞாயிறு ஆனால் ஒன்றாகச் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் இருந்தது.

ஆனால், கதையில் ஒரு கசப்பும் உண்டு. எந்த மலையில் அந்தச் சைக்கிள் பிறந்ததோ, அதே மலையின் பாதைகளில் 'சைக்கிளுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையையும் அவர்கள் பார்க்க வேண்டிவந்தது.

ஐந்து டாலர் சைக்கிள்

சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் வருவது மரின் மாவட்டம். அங்கே 784 மீட்டர் உயரத்தில் நிற்கிறது டமல்பையஸ் மலை. பெயரைக் கேட்டதும் தமிழ் ஞாபகம் வருகிறதா? சம்பந்தம் எதுவும் இல்லை. அந்த மண்ணின் ஆதிக்குடிகளான கோஸ்ட் மிவோக் மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக 'டாம் மலை' என்பார்கள்.

மலை முழுக்க மண்சாலைகள். காட்டுத்தீ பிடித்தால் தீயணைப்பு வண்டிகள் உள்ளே போவதற்காக வெட்டிவைத்தவை. அவற்றுக்கு இடையில் நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் போட்ட ஒற்றையடிப் பாதைகள்.

1970களின் தொடக்கத்தில் லார்க்ஸ்பர் என்ற ஊரைச் சேர்ந்த விடலைப் பையன்கள் சிலர் இந்த மலையில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். பழைய இரும்புக்கடைச் சரக்கு மாதிரியான சைக்கிள்களை மேலே கொண்டுபோய், அங்கிருந்து மண்சாலையில் சரசரவென்று இறங்குவதுதான் அந்த வேலை. 'லார்க்ஸ்பர் கேன்யன் கேங்' என்று அவர்களுக்குப் பெயர்.

அந்தக் கேங்கில் இருந்தவர் மார்க் வெண்டெட்டி. அவருடைய நண்பர் ஜோ பிரீஸ், மெல்லிய டயர் சைக்கிளில் தார்ச்சாலைப் பந்தயம் ஓட்டுபவர். 1973ல் சான்டா குரூஸ் நகரில் ஒரு கடையில் பழைய சைக்கிள் ஒன்று கண்ணில் பட்டது. 1941ல் ஷ்வின் கம்பெனி செய்தது. குண்டு டயர், கனத்த இரும்பு பிரேம். பிரீஸை அதை வாங்கவைத்தவர் வெண்டெட்டி. விலை வெறும் ஐந்து டாலர்.

அந்தச் சைக்கிளை மலைக்குக் கொண்டுபோய் ஒருமுறை இறங்கிப் பார்த்த பிறகு, பிரீஸுக்கு மண்பாதை விட்டுப்போகவில்லை.

அவர் உறுப்பினராக இருந்த 'வெலோ கிளப் டமல்பையஸ்' என்ற சைக்கிள் கிளப்பில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் சார்லி கெல்லி. 'சன்ஸ் ஆஃப் சாம்ப்ளின்' என்ற ராக் இசைக்குழுவுக்கு மேடைச் சாமான்கள் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவர். இன்னொருவர் கேரி ஃபிஷர். முடி நீளமாக இருக்கிறது என்று சொல்லி, 1968ல் பந்தயங்களிலிருந்தே ஒதுக்கிவைக்கப்பட்டவர். அந்த விதியை நீக்கிய பிறகுதான் 1972ல் மறுபடி ஓட்ட வந்தார்.

தார்ச்சாலைப் பந்தயத்துக்கு விதி, உடை, தரவரிசை எல்லாம் உண்டு. மலை மண்சாலைக்கு எதுவும் கிடையாது. ஜீன்ஸ் பேன்ட் போதும், சட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பந்தயச் சைக்கிள்காரர்களுக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

மண்பாதையில் சைக்கிள் ஓட்டிய முதல் ஆட்கள் இவர்கள்தான் என்று சொல்லிவிட முடியாது. 1897லேயே அமெரிக்க ராணுவத்தின் கறுப்பினச் சிப்பாய்கள் மொன்டானா மாநிலத்தின் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை சுமார் 3,000 கி.மீ. சைக்கிளிலேயே போயிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கரடுமுரடான பாதைகளில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே 1955ல் 'ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்' என்ற கிளப் தொடங்கப்பட்டது. ஆனால், அந்த முயற்சிகளெல்லாம் அந்தந்த வட்டத்துக்குள்ளேயே நின்றன. மரின் கூட்டம் தொடங்கியது மட்டும் உலகம் முழுக்கப் பரவியது.

ஏறவும் வேண்டுமே!

பழைய ஷ்வின் சைக்கிளில் ஒரு சிக்கல். இறங்குவது சுகம், ஏறுவது நரகம். சைக்கிளின் எடையோ 20 கிலோவுக்குக் குறையாது, கியர் ஒன்றே ஒன்று. பெரும்பாலும் தள்ளிக்கொண்டே மேலே போக வேண்டும். இல்லையென்றால், யாரிடமாவது கெஞ்சி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

1974 டிசம்பரில் மரின் மாவட்டத்தின் மில் வேலியில் ஒரு சைக்கிள் பந்தயம் நடந்தது. கூப்பர்ட்டினோ என்ற ஊரிலிருந்து 'மோரோ டர்ட் கிளப்' ஆட்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களுடையதும் குண்டு டயர் சைக்கிள்தான். ஆனால், பின்சக்கரத்தில் பல கியர்கள், அவற்றை மாற்ற ஹேண்டில்பாரில் கட்டைவிரலால் தள்ளும் லீவர். மரின் கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது.

அதன் பிறகு ஃபிஷர் தன் பழைய சைக்கிளில் கியர்களை மாட்டினார். மோட்டார் சைக்கிளின் பிரேக் லீவரைக்கூடப் பொருத்திப் பார்த்தார். ஒருவர் செய்ததைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர் என்று வேலை தொற்றிக்கொண்டது. யாரும் எதையும் மறைத்துவைக்கவில்லை. நண்பனின் சைக்கிள் மேலே ஏறவில்லையென்றால், கூட்டமே பாதி வழியில் நிற்க வேண்டுமே!

கியர் வந்ததும் பயணமே மாறிப்போனது. இறக்கத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. கண் முழுக்கப் பாதையில், கை முழுக்க பிரேக்கில் இருக்கும். ஏற்றம் அப்படியில்லை. எல்லோரும் மெதுவாகத்தான் போயாக வேண்டும். மூச்சு வாங்கினாலும் பேச்சு ஓடும். வேலை, காதல், கடன், சண்டை என்று எல்லாக் கதையும் ஏற்றத்தில்தான் பேசி முடிக்கப்படும். மலைச்சைக்கிள் என்பது கூட்டாளிகளோடு போகும் விஷயமாக ஆனதில் கியருக்கும் ஒரு பங்கு உண்டு.

கிரீஸ் புகைந்த இறக்கம்

நண்பர்கள் என்றால் 'யார் வேகம்?' என்ற வாக்குவாதம் வராமல் இருக்குமா? வந்தது. அதைத் தீர்க்க கெல்லி ஒரு போட்டி வைத்தார்.

1976, அக்டோபர் 21. இடம், ஃபேர்ஃபாக்ஸுக்கு மேற்கே காஸ்கேட் மண்சாலை. சுமார் 3 கி.மீ. தூரத்துக்குள் 400 மீட்டர் சரிந்து இறங்கும் பாதை. நடுவில் மழைநீர் அறுத்த பள்ளங்கள், உருளும் கற்கள், எதிரே என்ன வருகிறது என்றே தெரியாத வளைவுகள்.

எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தால் எலும்புதான் மிஞ்சும் என்பதால், ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பினார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர், இருவர் கையிலும் ஒரே நேரத்துக்குத் திருப்பிவைத்த கடிகாரம். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் கலந்துகொண்ட அந்த முதல் போட்டியில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ்.

போட்டிக்கு வைத்த பெயர் 'ரீபேக்'. அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. பழைய சைக்கிள்களில் பிரேக், பின்சக்கரத்தின் ஹப்புக்கு உள்ளேயே இருக்கும். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும். அந்தச் செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், ஹப் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகவே போய்விடும். கீழே வந்ததும் ஹப்பைப் பிரித்து, புது கிரீஸ் அடைத்த பிறகுதான் அடுத்த முறை இறங்க முடியும். அப்படி மறுபடி கிரீஸ் அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்' என்று பெயர். சாலைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

1984 வரைக்கும் மொத்தம் 24 முறை இந்தப் போட்டி நடந்தது. பெரும்பாலானவை முதல் மூன்று ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டன. அதில் 10 முறை ஜெயித்தவர் ஜோ பிரீஸ். ஆனால், மிகக் குறைந்த நேரம் ஃபிஷருடையது. 4 நிமிடம் 22 விநாடி! பிரீஸின் மிகச் சிறந்த நேரம் 4 நிமிடம் 24 விநாடி. அந்த இரண்டு விநாடி இடைவெளி கடைசிவரை குறையவே இல்லை.

கேமராவோடு வந்த வெண்டி

இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கதையைக் கண்ணால் பார்க்க முடிகிறது. காரணம், வெண்டி கிராக். ஃபேர்ஃபாக்ஸில் வசித்த இவர், ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த அந்தக் கூட்டத்தில் தொடர்ந்து சைக்கிள் ஓட்டிய பெண். கையில் கேமராவும் இருந்தது. புழுதி பறக்க வளைவில் சாயும் சைக்கிள்கள், உச்சியில் வட்டமாக உட்கார்ந்து ஓய்வெடுக்கும் நண்பர்கள், கிரீஸ் பூசிய கைகள்... அந்தக் காலத்தின் பெரும்பாலான படங்கள் இவர் எடுத்தவை. படம் எடுத்ததோடு நிற்காமல் ரீபேக் போட்டியிலும் இறங்கி ஓட்டினார்.

மலைச்சைக்கிளுக்கென்றே வந்த முதல் பத்திரிகையிலும் ஒரு பெண்ணின் கை இருக்கிறது. 1980ல் சார்லி கெல்லியோடு சேர்ந்து 'ஃபேட் டயர் ஃப்ளையர்' இதழைத் தொடங்கியவர் டெனிஸ் காரமாக்னோ. 1987 வரை அந்த இதழ் வந்தது.

அதே ஊர் வட்டத்தில் சைக்கிள் ஓட்டி, 1983 முதல் 1985 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அமெரிக்காவின் தேசிய சாம்பியனாக இருந்தவர் ஜாக்கி ஃபேலன். பெண்களை மலைக்கு அழைத்துவர அவர் தொடங்கிய குழுவின் பெயர் 'பெண்கள் மலைச்சைக்கிள் மற்றும் தேநீர்ச் சங்கம்'. போட்டி, பதக்கம் என்று சொல்லிப் பயமுறுத்தாமல், 'வாங்க, ஓட்டிவிட்டு டீ குடிக்கலாம்' என்று கூப்பிடுவது மாதிரியான பெயர். ஆண்கள் வேகத்தில் மூச்சிரைக்க ஓட வேண்டாம், விழுந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் பல பெண்கள் முதல் தடவையாக மண்பாதையில் இறங்கினார்கள்.

கணவாயைக் கடந்த ஐந்து பேர்

பழைய பிரேம்கள் எத்தனை நாள் தாங்கும்? 1930, 40களில் செய்த சைக்கிள்கள். ஃபோர்க் வளைவதும் பிரேம் விரிசல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. பழைய பிரேம் கிடைப்பதும் குறைந்துகொண்டே வந்தது. பிரேம் கட்டத் தெரிந்த பிரீஸிடம், மலைக்கென்றே புதிதாக ஒன்று செய்து தரச் சொன்னார் கெல்லி.

1977ல் முதல் சைக்கிள் தயாரானது. பழைய உதிரி எதுவும் இல்லாமல், எல்லாப் பாகங்களும் புதிதாகப் போட்டு, மலைப்பாதைக்காகவே கட்டிய சைக்கிள். பெயர் 'பிரீஸர்'. 1978க்குள் மொத்தம் 10 சைக்கிள்கள். ஒன்று அவருக்கு, மற்றவை நண்பர்களுக்கு. வெண்டியிடமும் ஒன்று போய்ச் சேர்ந்தது. முதலாவது பிரீஸர் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? வாஷிங்டனில், அமெரிக்க வரலாற்றுக்கான ஸ்மித்சோனியன் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில்!

அதே சமயம் கொலராடோ மாநிலத்தின் கிரெஸ்டட் பியூட் என்ற மலை ஊரிலும் ஒரு சைக்கிள் கூட்டம் இருந்தது. பக்கத்து ஊரான ஆஸ்பெனிலிருந்து சிலர் பேர்ல் பாஸ் கணவாய் வழியாக மோட்டார் சைக்கிளில் வந்து, இவர்கள் வழக்கமாக உட்காரும் பாருக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு கெத்து காட்டினார்கள். 'நீங்க மோட்டார்ல வந்தீங்களா? நாங்க மிதிச்சே வர்றோம்' என்கிற மாதிரி, 1976 செப்டம்பரில் இவர்கள் ஓட்டை சைக்கிள்களில் அதே கணவாயைக் கடந்து ஆஸ்பென் போய்ச் சேர்ந்தார்கள். கணவாயின் உயரம் சுமார் 3,870 மீட்டர்!

இந்தச் செய்தி மரினுக்கு எட்டியது. 1978 செப்டம்பரில் கெல்லி, ஃபிஷர், பிரீஸ், வெண்டி கிராக், மைக்கேல் கஸ்டெல்லி என ஐந்து பேர் கிளம்பி கொலராடோவுக்கே போய்விட்டார்கள். இரண்டு ஊர்க் கூட்டமும் சேர்ந்து, வழியில் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்கி, கணவாயைக் கடந்தார்கள். ஒருவர் சைக்கிளை இன்னொருவர் வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள். தங்களைப் போலவே இன்னோர் இடத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நேரில் கண்ட பயணம் அது. பேர்ல் பாஸ் பயணம் அதன் பிறகு ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது.

நட்பு தொழிலானது

நண்பர்களுக்குச் செய்தது ஊருக்கும் வேண்டியிருந்தது. பாலோ ஆல்டோ பகுதியைச் சேர்ந்த டாம் ரிச்சி இளம் வயதிலேயே பிரேம் கட்டுவதில் கைதேர்ந்தவர். அவர் செய்த பிரேம்களை வாங்கி, பாகங்கள் பூட்டி விற்க, 1979ல் ஃபிஷரும் கெல்லியும் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் 'மவுன்டன்பைக்ஸ்'. கையில் இருந்தது சில நூறு டாலர்கள் மட்டும்.

சைக்கிளின் விலையோ 1,300 டாலரைத் தொட்டது. அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய தொகை. ஆனாலும் வாங்க ஆள் வந்தார்கள். ஆனால், 'மவுன்டன் பைக்' என்ற பெயரை மட்டும் அவர்களால் சொந்தமாக்கிக்கொள்ள முடியவில்லை. அது எல்லோருக்குமான பொதுச்சொல்லாகிவிட்டது.

1981ல் மைக் சின்யார்டின் 'ஸ்பெஷலைஸ்டு' கம்பெனி, ஜப்பானில் செய்து வரவழைத்த 'ஸ்டம்ப்ஜம்பர்' சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 750 டாலர். தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான முதல் மவுன்டன் பைக் அது. அதன் பிறகு பெரிய கம்பெனிகள் வரிசைகட்டி வந்தன.

1983ல் ஃபிஷரும் கெல்லியும் தொழிலில் பிரிந்தார்கள். ஃபிஷர் தன் பெயரிலேயே சைக்கிள் செய்யப் போனார். மலையில் ஒன்றாகப் போகும்போது யார் முன்னால் போனாலும் உச்சியில் காத்திருந்து சேர்ந்துகொள்ளலாம். தொழிலில் அது அவ்வளவு சுலபமாக நடப்பதில்லை.

சைக்கிள் மட்டும் நிற்காமல் ஓடியது. 1990ல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன்ஷிப். 1996ல் அட்லான்டா ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டு. ஐந்து டாலர் சைக்கிளில் புழுதி கிளப்பிய கூட்டத்தின் விளையாட்டு, முதல் ரீபேக் நடந்து இருபதே ஆண்டுகளில் ஒலிம்பிக் மைதானத்துக்கு வந்துவிட்டது.

பாதைக்குப் போட்ட பூட்டு

இனிமேல்தான் அந்தக் கசப்பு.

டமல்பையஸ் மலையின் பெரும்பகுதி, மரின் மக்களுக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி. உள்ளூர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பில் இருக்கிறது. அந்தப் பாதைகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். குதிரையில் போகிறவர்கள் இருக்கிறார்கள். அமைதிக்காக வருகிற முதியவர்கள் இருக்கிறார்கள்.

பத்து நண்பர்கள் ஓட்டியவரை யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பத்து நூறாகி, நூறு ஆயிரமானபோதுதான் பிரச்னை. வளைவில் திடீரென்று பாய்ந்து வரும் சைக்கிளைக் கண்டு நடப்பவர்கள் பதறி ஒதுங்கினார்கள். குதிரைகள் மிரண்டன. மிரளும் குதிரையின் முதுகில் இருப்பவருக்கு அது உயிர்ப் பிரச்னை. பிரேக் பிடித்துத் தேய்த்த டயர்த் தடங்களில் மழைநீர் ஓடி மண் அரித்தது. அனுமதி இல்லாமல் புதுப் பாதை வெட்டியவர்களும் உண்டு.

விளைவு, ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடை. அகலமான மண்சாலைகளில் மட்டும் அனுமதி. அங்கேயும் வேகம் மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது. வளைவுகளில் 5 மைல். வேகத்தை அளக்கும் ராடார் கருவியோடு ரேஞ்சர்கள் நின்றார்கள். மீறினால் அபராதம். ரீபேக்கில் ஃபிஷர் வைத்த சாதனையைக் கணக்குப் போட்டால், சராசரி வேகமே மணிக்கு 40 கி.மீ.க்கு மேல். இன்று அதே வேகத்தில் இறங்கினால் கோப்பை கிடைக்காது, அபராதச் சீட்டுதான் கிடைக்கும்!

'குதிரைக் குளம்பு மட்டும் மண்ணைக் கிளறவில்லையா? சிலர் செய்த தப்புக்கு எல்லோரையும் ஏன் வெளியே தள்ளுகிறீர்கள்?' என்பது சைக்கிள்காரர்களின் கேள்வி. 'நிம்மதியாக நடக்க எங்களுக்கு ஒரு பாதைகூட வேண்டாமா?' என்பது நடப்பவர்களின் கேள்வி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இத்தனை ஆண்டுகளாகியும் மரினில் இந்த விவாதம் ஓயவில்லை.

கலிஃபோர்னியாவில் பல இடங்களில் இப்படிப் பாதைகள் மூடப்பட்டபோது, ஐந்து சைக்கிள் கிளப்கள் ஒன்றுசேர்ந்து 1988ல் சர்வதேச மலைச்சைக்கிள் சங்கத்தைத் தொடங்கின. சண்டை போடுவதோடு நிற்காமல், தங்களுக்குத் தாங்களே ஒழுங்கும் வகுத்துக்கொண்டார்கள். அனுமதி உள்ள பாதையில் மட்டும் ஓட்டு, தடம் விட்டுவராதே, சைக்கிளைக் கட்டுப்பாட்டில் வை, மற்றவர்களுக்கு வழி விடு, விலங்குகளை மிரட்டாதே, முன்கூட்டியே திட்டமிடு என ஆறு விதிகள். வார இறுதியில் மண்வெட்டி எடுத்துப் போய்ப் பாதையைச் செப்பனிடுவதும் மலைச்சைக்கிள் கிளப்களின் வழக்கமானது.

மரினிலும் ஒரு நல்ல மாற்றம் வந்தது. சைக்கிள்காரர்கள், குதிரைக்காரர்கள், இயற்கைப் பாதுகாப்பு ஆர்வலர்கள் என மூன்று தரப்பு அமைப்புகளும் சேர்ந்து 'ஸ்லோ அண்ட் சே ஹலோ' என்ற பிரசாரத்தைத் தொடங்கினார்கள். 'வேகத்தைக் குறை, வணக்கம் சொல்' என்பதுதான் அதன் மொத்தச் செய்தி. எதிரே ஆள் வந்தால் மெதுவாகு, முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசு. தொலைவிலேயே தெரியும்படி சைக்கிளில் மணி மாட்டிக்கொள்வதும் அங்கே நல்ல பழக்கமாகச் சொல்லப்படுகிறது. நம் ஊர் சைக்கிளில் அந்த 'டிரிங் டிரிங்' எப்போதும் உண்டு. பல ஆயிரம் டாலர் மவுன்டன் பைக் கடைசியில் அதைத் தேடி வந்திருக்கிறது!

கூட்டமாகக் கிளம்புகிறீர்களா?

நண்பர்களோடு மண்பாதையில் சைக்கிள் ஓட்டும் ஆசை இருந்தால், கிளம்பும் முன் இவற்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

* கூட்டத்தில் மெதுவாக ஓட்டுபவர் யாரோ, அவருக்குத் தகுந்த பாதையைத் தேர்ந்தெடுங்கள். வேகமானவருக்காகத் தேர்ந்தெடுத்தால், அடுத்த வாரம் ஓர் ஆள் குறைந்துவிடுவார்.

* பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, கடைசி ஆள் வந்த பிறகு கிளம்புங்கள். அவர் வந்து சேர்ந்த அடுத்த நொடியே கிளம்பிவிடாதீர்கள். எல்லோரையும்விட அவருக்குத்தான் ஓய்வு அதிகம் தேவை.

* வழி தெரிந்தவர் முன்னால், ரிப்பேர் தெரிந்தவர் கடைசியில். மாற்று ட்யூப், பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், செயின் கோக்கும் கருவி, முதலுதவிப் பை ஆகியவை கடைசி ஆளிடம் இருக்கட்டும்.

* இறக்கத்தில் முன்னால் போகிறவரின் டயரை ஒட்டிப் போகாதீர்கள். அவர் விழுந்தால் நீங்கள் நிறுத்த இடம் வேண்டும்.

* ஹெல்மெட் இல்லாத நண்பர் அன்று டீக்கடையிலேயே காத்திருக்கட்டும்.

* நடந்து வருகிறவர், மாடு ஓட்டி வருகிறவர் யாராக இருந்தாலும் வழி விட வேண்டியது சைக்கிள்காரர்தான். இறங்குகிறவர், ஏறி வருகிறவருக்கு வழி விட வேண்டும்.

* மழை பெய்து மண் குழைந்திருக்கும்போது போகாதீர்கள். டயர் போட்ட பள்ளம் காய்ந்தால் அப்படியே நிற்கும், அடுத்த மழைக்கு அது வாய்க்கால் ஆகிவிடும்.

* காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. அது சட்ட விரோதம் மட்டுமில்லை, யானை இருக்கும் காட்டில் உயிருக்கும் ஆபத்து.

உச்சியில் காத்திருப்பவர்கள்

ஃபேர்ஃபாக்ஸில் 2015ல் சைக்கிளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். மலைச்சைக்கிள் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்' அங்கேதான் இருக்கிறது. ரீபேக் காலத்து ஓட்டை சைக்கிள்கள் துடைத்துப் பளபளவென்று நிற்கின்றன.

ஆனால், அந்த நண்பர்கள் விட்டுச்சென்றதைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. தேங்க்ஸ்கிவிங் காலையில் பைன் மவுன்டன் ஏற்றத்தில் நின்றால் போதும். விலை உயர்ந்த புது சைக்கிளில் ஒருவர், அப்பாவின் பழைய சைக்கிளில் ஒரு கல்லூரிப் பெண், தலை நரைத்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என வரிசையாக மூச்சு வாங்க ஏறி வருவார்கள்.

முதலில் மேலே வந்தவர்கள் உடனே இறங்கிப் போய்விடுவதில்லை. சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி நிற்பார்கள். கீழே இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். வீட்டில் விருந்து தயாராகிக்கொண்டிருக்கும், பசியும் நன்றாகவே எடுத்திருக்கும். இருந்தாலும், கடைசி நண்பர் வந்து சேரும்வரை யாரும் கிளம்புவதில்லை.